அவனைத் தூங்க விடு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நோயாளிகள் பயப்படுவார்கள். நகரியிலிருந்து வந்த அந்தப் பெண் மட்டும் பயப்படவில்லை. தறி நெய்யும் புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, திருப்பதியில் என் அறைக்குள் நுழைந்தாள். வெளியே பெஞ்சில், நகரி ஆந்திராவோடு சேர வேண்டுமா மெட்ராஸோடா என்று வழக்கம்போலத் தெலுங்கிலும் தமிழிலும் வாக்குவாதம். அவளுக்கு அது காதிலேயே விழவில்லை.

அவனுக்கு விடியற்காலைத் தூக்கத்தில் வலிப்பு வந்துகொண்டிருந்தது. தூக்கம்தான் எமன் என்று முடிவு கட்டி, அவன் கண் அசரும்போதெல்லாம் உலுக்கி எழுப்பியிருக்கிறாள். வலிப்பு கூடியதே தவிர குறையவில்லை. தூக்கம் கெட்டால்தான் மூளை மிரண்டு வலிப்பு வரும் என்று சத்தம் போட்டேன். மாத்திரை கொடுத்து, முதலில் அவனைத் தூங்க விடு என்று அனுப்பினேன். மெட்ராஸில் நரம்பு வைத்தியம் படித்துவிட்டு வந்த புதிது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மாதக்கணக்கில் வலிப்பே வரவில்லை. கன்னத்தில் சதை பிடித்து, மறுபடி தறியில் உட்கார்ந்தான்.

மாசியில் மாத்திரை வாங்க வந்தவள், குணமானால் சிவராத்திரிக்குக் காளஹஸ்தியில் அவன் ராத்திரி முழுக்கக் கண் விழிப்பான் என்று வேண்டிக்கொண்டதைச் சொன்னாள். திட்டினேன். பிறகு, நான் யாரிடமும் செய்யாத காரியம், கெஞ்சினேன். அவனுக்குப் பதிலாக நீ விழித்திரு, சாமி கோபித்துக்கொள்ளாது என்றேன். ஒருவழியாகச் சம்மதித்தாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அவனைக் கோயில் மண்டபத்தில் படுக்க வைத்துவிட்டு அவள் விழித்திருந்தாள். அவன்தான் தூங்கவில்லை. தனக்காகப் பெண்டாட்டி பட்டினியோடு உட்கார்ந்திருக்க, தான் மட்டும் எப்படிப் படுத்திருப்பது என்று எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டானாம். விடிந்ததும் சுவர்ணமுகி ஆற்றில் முழுகப் போனான். முழங்காலளவுத் தண்ணீர்தான். அதில் நிற்கும்போது வலிப்பு வந்து குப்புற விழுந்தான். கொஞ்சம் தள்ளிப் பெண்களோடு குளித்துக்கொண்டிருந்தவள் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் ஆன பிறகு அவள் வந்தாள். கண்கள் குழி விழுந்திருந்தன. தூக்கத்துக்கு மாத்திரை எழுதப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"தூங்குனா அவுரு வந்து பக்கத்துல குந்திக்கிறாரு அய்யா. முழிச்சா ஆளக் காணோம். தெனம் தெனம் சாவுறாரு. தூக்கமே வராத மாத்திரை எதுனா கீதா?"

அதற்கப்புறம் என் ஆயுசு முழுக்கத் தூக்கத்தையும் மூளையையும்தான் படித்தேன். எத்தனையோ பேரைத் தூங்க வைத்திருக்கிறேன். அவளுக்காக எடுத்த சீட்டை மட்டும் அன்று எழுதாமலே மடித்து வைத்தேன்.