மகுடம் பற்றி நான் எழுதிய பன்னிரண்டு வரிகள்

இசை அகராதி, வாத்தியக் களஞ்சியம் என்று எது கிடைத்தாலும் தலைமாட்டில் வைத்துப் படிக்கிற ஆள் நான். அதில் என் செல்லம், நாட்டார் வாத்தியங்கள் பற்றிய ஒரு தடித்த களஞ்சியம். அதில் 'மகுடம்' பதிவை எழுதியவன் நானே என்பதும் ஒரு காரணம். (நாமே மெச்சாவிட்டால் யார் மெச்சுவார்கள்?) கணியான் கூத்தில் இருவர் அடிக்கும் வட்டப் பறைதான் மகுடம். ஒன்று மந்தம், கனத்த குரல். மற்றது உச்சம், எடுப்பான குரல். மந்தம் பெரியது, உச்சம் சிறியது என்று எழுதியிருந்தேன். நேரில் பார்த்ததில்லை, ஒரு புகைப்படத்தை வைத்து எழுதியது. மறுபதிப்புக்குத் திருத்தம் உண்டா என்று பதிப்பாளர் கேட்டார். போய்ப் பார்த்துவிடலாம் என்று இந்தச் சித்திரையில், போன வெள்ளிக்கிழமை கிளம்பினேன்.

திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் காலை 9.10க்கு வண்டி. நாங்குநேரி 30 கி.மீ., முக்கால் மணி நேரம், 30 ரூபாய். ஊருக்குள் போகுமா என்று கேட்டு ஏறுங்கள், சில வண்டிகள் புறவழிச் சாலையிலேயே போய்விடும். அங்கிருந்து 6 கி.மீ. ஆட்டோ, 150 ரூபாய். சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா என்றதும் ஓட்டுநர் மேற்கொண்டு வழி கேட்கவில்லை.

மதியக் கொடைக்கு முன் ஓலையைக் கொளுத்தி மகுடங்களுக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்று பெரியது, ஒன்று சிறியது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பன்னிரண்டு வரியும் சரி!

இடைவேளையில் மந்தம் அடிக்கிற இசக்கிப்பாண்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். நாற்பது வயதிருக்கும். மணிக்கட்டை நீவிக்கொண்டே சொன்னார்: "ரெண்டும் ஒரே அளவுதான் இருக்கணும் அண்ணாச்சி. சூடு காட்டுததுலதான் குரல் மாறும். போன வருசம் ஒரு விழாவுக்கு ஆள் எடுத்தாவ. பொஸ்தகத்துல அப்படி இல்லையேன்னு நடுவருங்க எங்களக் கழிச்சுட்டாவ. அதான் இந்தப் பெருசச் செஞ்சோம். குரலும் சேரல, கையும் வலிக்கி."

அந்தப் புகைப்படத்தில் மந்தக்காரர் கேமராவுக்கு அருகில் நின்றிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. வருகிற சனிக்கிழமை மறுபடி ஆள் எடுக்கிறார்களாம், தவறு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். தந்தேன். புத்தகம் எப்போது மாறும் என்று கேட்டார். ஆறு மாதம் ஆகும் என்றேன்.

"அப்ப இந்தத் தாளையும் கொண்டு போறோம், பெரிய மகுடத்தையும் கொண்டு போறோம். எத நம்புதாவளோ."

கொடை பார்க்கப் போகிறவர்கள் பதினொரு மணிக்குள் போய்விடுங்கள், சூடு காட்டுவதைத் தவறவிடாதீர்கள். தண்ணீரும் தொப்பியும் அவசியம். அந்தக் களஞ்சியம் கையில் இருப்பவர்கள், 'மகுடம்' பதிவில் மந்தம் பெரியது என்ற வரியைப் பேனாவால் அடித்துவிடுங்கள். நடுவராகப் போகிறவர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து சனிக்கிழமைக்குள் அடித்துவிடுங்கள்.