வெராக் சிரித்த பக்கம்

லாஸ்லோ சலாயை நேரில் பார்த்த யாரும், கிரகங்களை எரிக்கிற ஆள் இவர்தான் என்று நம்ப மாட்டார்கள். புரூக்ளினிலிருந்து ரயிலேறி எங்கள் காமிக்ஸ் கம்பெனிக்கு வருவார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, பல் டாக்டரிடம் வந்தவர் மாதிரி வாசலில் உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால்தான் உள்ளே வருவார். முப்பது வருடம் குதிரைகளையும் துப்பாக்கிகளையும், டாக்டரை நினைத்து அழுகிற நர்ஸுகளையும் வரைந்து தள்ளிவிட்டு, ஐம்பத்தேழாவது வயதில் வெராக்கை வரைந்தார். அந்த வெராக்கால்தான் இன்றும் அவரைப் பற்றிக் கேட்கிறார்கள். கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவர் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாது.

எங்கள் தொழிலில் எல்லாம் தலைகீழ். எடிட்டர் போனில் இரண்டு வரி சொல்வார். ஓவியர் அதை வைத்து முழுக் கதையையும் பென்சிலில் வரைவார். எந்தக் கட்டத்தில் என்ன நடக்கிறது என்று தாளின் ஓரத்தில் குறிப்பெழுதுவார். அதற்கப்புறம்தான் எழுத்தாளர் என்று ஒருவன் வந்து, வரைந்து முடித்த ஆட்களின் வாயில் வார்த்தைகளை வைப்பான். அச்சில் ஓரக் குறிப்புகள் வராது. வரைந்தவர் ஊமை, வார்த்தை போட்டவன் ராஜா. நான் ரெனாட்டா, கடைசியில் வண்ணம் தீட்டுகிறவள். என் மேஜைக்கு வரும்போது ஓரக் குறிப்பும் இருக்கும், வைத்த வார்த்தையும் இருக்கும். யார் என்ன நினைத்தார்கள், அதை யார் என்ன பாடுபடுத்தினார்கள் என்பது எனக்கு அப்படியே தெரியும்.

வெராக்குக்காக எடிட்டர் நேட் ஸ்டர்ன் போனில் சொன்னது இவ்வளவுதான்: "விண்வெளி. ஒரு கெட்டவன். பெரிய சைஸ். சூரியனைத் திங்கட்டும். வெள்ளிக்கிழமை கையில வேணும்."

லாஸ்லோ சூரியனைத் தின்கிறவனை வரையவில்லை. கூன் விழுந்த, தலை கனத்த ஒரு மேதையை வரைந்தார். அண்டத்திலேயே அவனை விடப் புத்திசாலி கிடையாது. ஒரு நெருப்பு உலகம் விட்டு உலகம் தாவி வருகிறது. நடுவில் இருக்கும் ஓர் உலகத்தை முன்கூட்டியே அழித்துவிட்டால் மற்ற பத்து உலகங்கள் பிழைக்கும் என்று வெராக் கணக்குப் போடுகிறான். அந்த உலகம் அவன் பிறந்த உலகம். அவன் மகன் அங்கே இருக்கிறான். அழிக்கிறான். வாசகர்கள் பைத்தியமானார்கள். பாதிப் பேர் தெய்வம் என்றார்கள், பாதிப் பேர் கொலைகாரன் என்றார்கள், எல்லோரும் காசு கொடுத்து வாங்கினார்கள்.

"அந்த மூஞ்சி யாரோடது, லாஸ்லோ?" என்று ஒருநாள் மதியம் சாண்ட்விச் கடையில் கேட்டேன். "இப்படி ஒரு தாடையை யாரும் சும்மா வரைய மாட்டாங்க."

"எங்கப்பா."

"பாவம்யா அந்த மனுஷன்."

"இல்ல ரெனாட்டா. ஊரே கும்பிடுற மனுஷன்."

பிறகுதான் சொன்னார். பென்சில்வேனியாவில் பிளாக்ஃபோர்க் என்ற நிலக்கரி ஊர். அப்பா கால்மன் சலாய் சுரங்கத்தில் மேஸ்திரி. இறங்குகிற ஒவ்வொருவனும் வாசல் பலகையிலிருந்து தன் எண் போட்ட பித்தளை வில்லையை எடுத்துக்கொண்டு போவான், ஏறி வந்ததும் கொக்கியில் திரும்ப மாட்டுவான். காலிக் கொக்கி இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். லாஸ்லோவுக்குப் பத்து வயதாக இருந்தபோது சுரங்கத்தில் தீப்பிடித்தது. சுரங்க வாயை அடைத்துக் காற்றை நிறுத்தாவிட்டால் அடுத்த சுரங்கத்துக்கும் தீ பரவும், அங்கே இருப்பவர்களும் போய்ச் சேர்வார்கள். ஆட்கள் இருமிக்கொண்டே வெளியே வந்தார்கள். அப்பா பலகையை ஒருமுறை பார்த்தார். "மூடுங்க" என்றார். மண்ணும் மரமும் போட்டு மூடினார்கள். அதன் பிறகுதான் அம்மா கத்தினாள், மூத்தவன் ஆண்ட்ராஷ் எங்கே என்று. அவனுக்குப் பதினாறு வயது.

"அப்பா பலகைகிட்ட போய் நின்னார். ரெண்டு கையாலயும் முகத்தைப் பொத்திக்கிட்டார். தோள் குலுங்குச்சு. அவ்வளவுதான் நான் பார்த்தது" என்றார் லாஸ்லோ. "உள்ள மகன் இருக்கான்னு தெரிஞ்சே ஊரைக் காப்பாத்தினார்னு எல்லாரும் சொன்னாங்க. வருஷா வருஷம் சுரங்கத் தொழிலாளிங்களைக் காக்கற புனிதையோட திருநாளுக்கு சர்ச்ல முதல் பெஞ்சு அவருக்குத்தான். வீட்ல அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. நான் அவரை வெறுக்கணுமா, கால்ல விழணுமான்னு இந்த வயசு வரைக்கும் தெரியல."

ஒன்பதாவது இதழில் அதற்கு ஒரு முடிவு கட்டினார். கடைசிப் பக்கம் முழுவதும் ஒரே படம். எரிந்து போன தன் உலகத்தின் சாம்பலில் வெராக் தனியாக நிற்கிறான். இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்தியிருக்கிறான். ஓரத்தில் குறிப்பு: "அழுகிறான். தயவுசெய்து இந்தப் பக்கத்தில் வார்த்தை வேண்டாம்." பக்கத்தைக் கொடுத்த அன்றே ஊருக்குப் போன் போட்டார். என் மேஜையிலிருந்த போனில்தான்.

"அப்பா, ஒன்பதாவது நம்பர் வரும்போது வாங்கிப் பாருங்க. கடைசிப் பக்கம். அது உங்களுக்காக வரைஞ்சது."

எண்பத்தாறு வயதுக் கிழவர் மறுமுனையில் என்ன சொன்னாரோ, லாஸ்லோ பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி சிரித்தார். நீங்கள் அழுததை நான் பார்த்தேன் என்று அப்பாவிடம் வாயால் சொல்லத் தெரியாத மகனுக்கு அந்த ஒரு பக்கம் போதும். அது அப்படியே போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

வார்த்தை போட வந்தவன் டெனிசன் வெப். இருபத்தாறு வயது, விலங்கு ரோமக் காலர் வைத்த கோட்டு. கல்லூரி கல்லூரியாகப் போய், வெராக் என் மூளையில் பிறந்தவன் என்று பேசுவான். அவனுக்கு வெற்றிடம் என்றால் ஆகாது. ஒரு பக்கம் காலியாக இருந்தால் தன்னை யாரோ அவமானப்படுத்திவிட்டதாக நினைப்பான். என் மேஜைக்கு வந்த பக்கத்தில் வெராக்கின் தலைக்கு மேலே பெரிய வசனக் குமிழ் இருந்தது: "அழட்டும் புழுக்கள்! என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை! ஹா ஹா ஹா!" கோடு ஒன்று கூட மாறவில்லை. அதே கைகள், அதே தோள்கள். ஆனால் படத்தில் இருந்தவன் இப்போது சிரித்துக்கொண்டிருந்தான். சத்தியமாக எனக்கே அப்படித்தான் தெரிந்தது.

அப்போதே லாஸ்லோவுக்குப் போன் செய்தேன். அன்று மட்டும் அவர் வாசலில் உட்காரவில்லை, நேராக நேட்டின் அறைக்குள் போனார்.

"நேட், அந்தக் குமிழை வெட்டி எடுத்துடு. ஒரு பிளேடு போதும்."

"என்ன லாஸ்லோ, வெப் கதையைத் தூக்கி நிறுத்தியிருக்கான், நீ பிளேடைத் தூக்கிட்டு வர்றே."

"அவன் அழறான் நேட். ஓரத்துல எழுதியிருக்கேன்."

வெப் சோபாவில் படுத்தபடியே சொன்னான்: "கண்ணீர் எங்க இருக்கு? காட்டுங்க பார்ப்போம். கையை மூஞ்சி மேல வெச்சுட்டு அழறான்னா எப்படி? கை வரையறது சுலபம், மூஞ்சி வரையறது கஷ்டம். வயசாச்சு, புரியுது."

"இது எங்கப்பாவுக்காக வரைஞ்சது."

"அப்போ உங்கப்பாவுக்குத் தனியா ஒண்ணு வரைஞ்சு அனுப்புங்க. நாங்க பத்திரிகை நடத்தறோம்."

நேட் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் வெப் அளவுக்கு அற்பர் இல்லை, அதனால்தான் அவர் சொன்னது அதிகம் வலித்தது. "லாஸ்லோ, சாயந்திரம் பக்கங்கள் அச்சகத்துக்குப் போகணும். இதுக்காக வெப்கிட்ட நான் சண்டை போட்டா அவன் எதிர்க் கம்பெனிக்குப் போயிடுவான். அவன் எழுதற நாலு புத்தகம் நின்னுடும். அந்தப் புத்தகங்களை வரையறவங்க வீட்ல உலை கொதிக்காது. ஒண்ணை எரிச்சா பத்து பிழைக்கும். நீ வரைஞ்சதுதானே?"

லாஸ்லோ கண்டுபிடித்த நியாயத்தால் அவரையே அடித்துவிட்டார்கள். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அன்றைக்கு நான் அந்தப் பக்கத்துக்கு வண்ணம் தீட்டினேன். கண்றாவி, நல்லாவே வந்தது.

அப்பாவுக்குப் போன் செய்து வாங்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்தார். ஏன் என்று கிழவர் கேட்டதற்கு அச்சு சரியில்லை என்றாராம். அப்படிச் சொன்னால் எந்த அப்பா வாங்காமல் இருப்பார்? கடைசியில், புத்தகம் கடைக்கு வருகிற செவ்வாய்க்கிழமை, ஊருக்குப் போய் எல்லாப் பிரதிகளையும் தானே வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான் ஓட்டினேன்.

பிளாக்ஃபோர்க்கில் காமிக்ஸ் விற்பது இரண்டே இடத்தில். பஸ் நிலையத்தில் கட்டைக் கூடப் பிரிக்கவில்லை. கம்பியோடு அப்படியே தூக்கி என் கார் டிக்கியில் போட்டார். அடுத்து மருந்துக் கடை. புத்தகங்கள் செருகிய சுழல் தாங்கியில் இருந்த ஒன்பதாவது நம்பர் எல்லாவற்றையும் உருவி எடுத்து, கடைக்காரர் ஹாப் முன்னால் வைத்தார். லாஸ்லோ முகத்தில் பல வாரங்களுக்கு அப்புறம் ரத்தம் ஓடியதைப் பார்த்தேன்.

"அட, நம்ம லாஸ்லோ" என்றார் ஹாப். "எல்லாத்தையும் நீயே வாங்கினா ஊர் எதைப் படிக்கும்? கவலைப்படாதே, உங்கப்பாவோட பிரதி தனி. ரெண்டு மாசமா சொல்லிக்கிட்டே இருந்தார், என் மகன் எனக்காக வரைஞ்சிருக்கான், எடுத்து வை எடுத்து வைன்னு. காலையில கடை திறந்ததும் நானே கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்தேன்."

கிழவர் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். அந்தத் தாடையை நான் மாதாமாதம் சாம்பல் நிறத்தில் தீட்டியிருக்கிறேன். நேரில் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். மேஜையில் முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய கறி ஆறிக் கிடந்தது. பக்கத்தில் புத்தகம், கடைசிப் பக்கம் திறந்தபடி.

"இது யாரு?" என்றார் என்னைக் காட்டி.

"கூட வேலை செய்யறவங்க அப்பா. கார் ஓட்டிக்கிட்டு வந்தாங்க."

"இந்த வயசுல ஒரு கார் ஓட்டத் துப்பில்ல. சரி, உட்காரு." புத்தகத்தை விரலால் தட்டினார். "இது நான்தானே?"

"அப்பா, அந்த எழுத்து என்னோடது இல்ல. வேற ஒருத்தன்..."

"படம் உன்னோடதா?"

"ஆமா."

"மூஞ்சி என்னோடது."

"ஆமாப்பா. ஆனா நான் அழற மாதிரிதான் வரைஞ்சேன். நீங்க அன்னைக்கு அழுததை நான் பார்த்தேன். அதைச் சொல்லத்தான்..."

"சிரிச்சேன்னு போட்டிருக்கு. நாளைக்கு இந்த ஊர்ல ஒவ்வொருத்தனும் படிப்பான். என் மகனைப் புதைச்சுட்டு நான் சிரிச்சேன்னு." கிழவருக்கு மூச்சு வாங்கியது. எழுந்து போய், கரண்டிகள் கிடந்த இழுப்பறைக்குள் கையை விட்டுத் துழாவினார். ஒரு பித்தளை வில்லையைக் கொண்டு வந்து புத்தகத்தின் மேல் வைத்தார். "மடையன்னு சொல்லு, தாங்கிப்பேன். சிரிச்சேன்னு சொல்லாதே."

லாஸ்லோ வில்லையை எடுத்தார், அதிலிருந்த எண்ணைப் பார்த்தார். "இது ஆண்ட்ராஷோடது. இது அவன்கூட உள்ள போயிருக்கணுமே."

"போகல. அந்தத் தடியன் காலையில இதை எடுத்துக்காமலே இறங்கியிருக்கான். பலகை நிறைஞ்சிருந்துச்சு. ஒரு கொக்கி கூடக் காலியில்ல. எல்லாரும் வந்தாச்சுன்னு மூடச் சொல்லிட்டேன்."

"அப்போ... அவன் உள்ள இருக்கறது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா மூடியிருப்பேனா? நான் என்ன மிருகமா?"

"தெரிஞ்சேதான் மூடினீங்கன்னு ஊரே..."

"உங்கம்மா கத்தினா. நான் பலகைகிட்ட போனேன். இதைக் கழட்டிப் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். அப்புறம்தான் முகத்தைப் பொத்தினேன். அழல. யாராவது கேட்டா என்ன சொல்றதுன்னு கைக்குள்ள யோசிச்சுக்கிட்டிருந்தேன். யாருமே கேட்கல. காலிக் கொக்கியைப் பார்த்தாங்க, அவங்களாவே மகான்னு சொன்னாங்க. விட்டுட்டேன்."

லாஸ்லோ வில்லையைப் புத்தகத்தின் மேல் திரும்ப வைத்தார். ஐம்பது வருடமாக அவர் வெறுக்கவும் முடியாமல் வணங்கவும் முடியாமல் சுமந்த மனிதர் அந்தச் சமையலறையில் இல்லவே இல்லை. பலகையை மட்டும் நம்பிய ஒரு மேஸ்திரிதான் இருந்தார். பக்கம் வரைந்தபடியே வந்திருந்தால் கிழவர் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார். வில்லை கரண்டிகளோடு கிடந்திருக்கும்.

"கறி ஆறிப் போச்சு" என்றார் கிழவர். "சாப்பிடறதா இருந்தா சாப்பிடு. இல்லேன்னா கிளம்பு."

லாஸ்லோ சாப்பிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வாய் விடாமல் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தார்.

கிழவர் அடுத்த குளிர்காலத்தில் செத்தார். சவப்பெட்டிக்குப் பின்னால் ஊரே நடந்தது. பாதிரியார் தியாகத்தைப் பற்றி நீளமாகப் பேசினார். ஒன்பதாவது நம்பர்தான் எங்கள் கம்பெனியில் அதிகம் விற்ற இதழ். சிரிக்கும் வெராக்கைப் பனியனில் கூடப் போட்டார்கள். வெப் சினிமாவுக்குப் போனான். லாஸ்லோ கண் மங்கும் வரை வெராக்கை வரைந்தார். வேறு வேலையும் அவருக்குத் தெரியாது.

கடைசியாக அவரைப் பார்த்தது சிகாகோவில் ஒரு காமிக்ஸ் மாநாட்டில். ஹோட்டல் ஹாலில் ஒரு மேஜையும், எங்கள் இருவருக்கும் நாற்காலியும் போட்டிருந்தார்கள். அந்தப் பனியன் போட்ட, தாடி வைத்த ஒருவர் ஒன்பதாவது நம்பரின் கடைசிப் பக்கத்தைத் திறந்து கையெழுத்துக்கு நீட்டினார்.

"ஐயா, எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். அத்தனை பேரோட உயிரை வெராக் கணக்குப் போட்டே முடிவு பண்றானே, எப்பவாவது அவன் கணக்குத் தப்பினதுண்டா?"

லாஸ்லோ மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். என் பக்கம் திரும்பவில்லை.

"இல்லப்பா" என்றார். "ஒரு தடவை கூட இல்ல." முகத்தைப் பொத்திய அந்தக் கைகளுக்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.