டிராமில் பட்ட கால்

கணினி அறையில் எனக்குப் பின்னால் நான்கு பேர் காத்திருக்கிறார்கள். அதனால் உங்கள் எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சல்.

ஒரு வருடம் படிக்கலாம் என்று பீலெஃபெல்ட் வந்து இது ஆறாவது வாரம். இன்று காலை டிராமில் உட்காரும்போது எதிரே இருந்த ஜெர்மன் தாத்தாவின் மேல் என் கால் பட்டுவிட்டது. யோசிக்கவே இல்லை. குனிந்து அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அவர் தன் காலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ கேட்டார்.

பக்கத்து இருக்கையில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. “ஏதும் விழுந்துபோச்சோ எண்டு கேக்கிறார், தம்பி” என்றார்.

“ஒண்ணும் விழலக்கா. கால் பட்டுடுச்சு, அதான்.”

“அது எனக்கு விளங்குது. இவருக்கு என்னெண்டு சொல்லுறது?”

ஆனாலும் சொன்னார். இரண்டு நிறுத்தம் தாண்டும்வரை ஜெர்மனில் சொன்னார். தாத்தா பரீட்சைக்குப் படிப்பவர்போலக் கேட்டுக்கொண்டார்.

இறங்க எழுந்தபோது டிராம் குலுங்கி, அவர் என் காலை மிதித்துவிட்டார்.

நின்றார். பையைக் கீழே வைத்தார். “ஐயோ, வேண்டாம்” என்று நான் தமிழிலேயே அலறுவதற்குள், குனிந்து என் ஷூவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கிப் போனார். எழுபத்தைந்து வயதாவது இருக்கும்.

“பெரியவங்க நம்ம காலைத் தொட்டா ஆயுசு குறையும்னு சொல்வாங்களே அக்கா?”

“ஓம் தம்பி. அதையும் சொல்லியிருப்பன். அதுக்குள்ள அவர் இறங்கிற இடம் வந்திட்டுது.”

பரிகாரம் தெரிந்தவர்கள் இன்றைக்கே எழுதவும். அவர் தினமும் இதே டிராமில்தான் வருவார் என்று அக்கா சொல்கிறார்.