லிஃப்ட்காரர் வீட்டு ரூட்டர்

லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர்களுக்கு ஒரு குணம் உண்டு. மனுஷனை நம்புவார்கள், மெஷினை நம்ப மாட்டார்கள். நடுவழியில் லிஃப்ட் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். யாரோ குதித்தார்கள் என்பார்கள், பிள்ளைகள் எல்லாப் பட்டனையும் அமுக்கிவிட்டார்கள் என்பார்கள். நம்முடைய லிஃப்ட்காரர் எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். "ஆளக் குத்தம் சொல்லாதீங்க. கோளாறு மெஷின்லதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு மேலே மோட்டார் அறைக்குப் போய்விடுவார். பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். அந்த நல்ல குணம்தான் கடைசியில் அவர் காலை வாரிவிட்டது.

மனைவி போன பிறகு அவர் மாடியில் தனியாக இருந்தார். கீழ்வீட்டில் மனைவியின் தங்கை, தன் கணவரோடு. அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது. ஆனால் அவள் பேசாவிட்டால் அந்த வீட்டில் பேச்சுச் சத்தமே இருக்காது என்பதால் லிஃப்ட்காரர் பொறுத்துக்கொண்டார்.

அவருக்கு ஒரே மகள். விமானம் ஏறித்தான் போக வேண்டிய தூரத்தில் ஒரு பெரிய ஊரில் படித்தாள், அங்கேயே வேலையும் பார்த்தாள். அவளுடைய கடைசிப் பரீட்சை நேரத்தில்தான் இங்கே அம்மா படுத்த படுக்கையானாள். லிஃப்ட்காரர் மகளிடம் மூச்சு விடவில்லை. ஃபோனில் கேட்டபோதெல்லாம் "அம்மா தூங்குறா", "அம்மா குளிக்கிறா" என்றே சொல்லிச் சமாளித்தார். பரீட்சை முடிவதற்குள் அம்மா முடிந்துவிட்டாள். மகள் வந்து சேர்ந்தபோது எல்லாம் ஆகி, வந்தவர்கள் கிளம்பி, வாடகை நாற்காலிகளைக்கூடத் திருப்பி அனுப்பியாகிவிட்டது.

அவள் அழுது புரளவில்லை. காலிக் கட்டிலைப் பார்த்தபடி ஒன்றே ஒன்று கேட்டாள். "அம்மா தூங்குறாங்கன்னு சொன்னீங்களேப்பா, அப்பவும் ஆஸ்பத்திரியிலயா இருந்தாங்க?"

"உன் நல்லதுக்குத்தாம்மா" என்றார் அவர்.

அவ்வளவுதான். மகள் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு அவர் கூப்பிட்டால் அவள் எடுப்பதில்லை. சித்தியிடம் மட்டும் பேசுவாள். "அப்பா எப்படி இருக்கார்" என்று கேட்பாள், பதிலைக் கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. மறைக்கச் சொன்னது அவர் மனைவிதான். மூச்சு வாங்கிக்கொண்டே அவர் கையைப் பிடித்து, "அவகிட்ட சொல்லிடாதீங்க, பரீட்சையை விட்டுட்டு ஓடி வந்துடுவா" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அறையில் அப்போது வேறு யாரும் இல்லை. தங்கைக்குக்கூடத் தெரியாது. கட்டில் அருகே மகள் அந்தக் கேள்வியைக் கேட்டபோதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. செத்துப்போனவள் மேல் பழியைப் போட்டுத் தப்பிப்பது மாதிரி இருந்தது. பிற்பாடு, இதை என்றைக்காவது மகளிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய நாட்களுக்கு அர்த்தமாக இருந்தது. ஃபோனில் டைப் செய்து பார்த்தார், அழித்தார். எழுத்தில் அது சாக்குப்போக்கு மாதிரியே இருந்தது. வாயால்தான் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொழுந்தியாள் மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

"மாமா! உங்க பொண்ணு விளையாட வரச் சொல்றா. அந்தப் படகு விளையாட்டாம். கம்ப்யூட்டரைப் போடுங்க!"

மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இருவரும் சேர்ந்து ஆடிய விளையாட்டு அது. ஒரு படகு, இரண்டு துடுப்பு. ஒருவர் வலது, ஒருவர் இடது. பேசிப் பேசித்தான் பாறைகளைத் தாண்ட முடியும். ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு கலங்கரை விளக்கம். அது வரைக்கும் அவர்கள் போய்ச் சேர்ந்ததே கிடையாது. சாப்பாட்டுக்கு வரச் சொல்லி அம்மா வந்து கம்ப்யூட்டரை அணைத்துவிடுவாள்.

லிஃப்ட்காரர் ஹெட்ஃபோனை மாட்டினார். "அப்பா, வலது பக்கம் போடுங்க" என்று மகளின் குரல் காதுக்குள் கேட்டதும் கண் மறைத்துவிட்டது. படகு நேராகப் போய்ப் பாறையில் முட்டியது. "அப்பா!" என்றாள் மகள், பழைய கோபத்தோடு. அந்த அதட்டலுக்காக அவர் இன்னும் பத்துப் பாறையில் முட்டத் தயாராக இருந்தார்.

ஆனால் விளையாட்டுப் பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை. சாப்பிட்டீர்களா என்றுகூட அவள் கேட்கவில்லை. வாரா வாரம் ஞாயிறு மத்தியானம் வருவாள், துடுப்புப் போடுவாள், போவாள்.

ஆற்றின் பாதி வழியில் ஒரு அகலமான இடம் வரும். பாறை இல்லை, சுழல் இல்லை, துடுப்பே போட வேண்டாம். படகு தானாக மிதக்கும். பேசுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்குமா? முதல் வாரம் அந்த இடத்தைச் சும்மா மிதந்தே தாண்டினார்கள். அடுத்த வாரம் லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அம்மா இருந்தா இந்நேரம்..." என்று தொடங்கினார். ரூட்டரின் பச்சை விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தன. திரையில் "இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்று வந்தது.

கொஞ்ச நேரத்தில் மகளிடமிருந்து செய்தி வந்தது. "நெட் போச்சாப்பா? பரவாயில்ல. அடுத்த வாரம்." அப்பா என்று அவள் அவருக்கு எழுதி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ரூட்டரைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. "ஆமாம்மா, ரூட்டர் சரியில்ல, மன்னிச்சுக்கோ" என்று பதில் போட்டார்.

அன்றைக்கு நிஜமாகவே கோளாறுதான். ரூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டரின் முனை லூசாகி, தொட்டாலே கரண்ட் விட்டுவிட்டு வந்தது. மறுநாளே புதிது வாங்கி மாட்டினார். ஒரு வாரம் முழுக்க விளக்குகள் இமைக்கவில்லை. ஞாயிறு வந்தது. படகு அகலமான இடத்துக்கு வந்தது. "ஏம்மா, அம்மாவைப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்றார்.

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அப்புறம் லிஃப்ட்காரர் ரூட்டரை விட்டாரா என்ன! இரும்பு அலமாரி மேல் இருந்ததை இறக்கி ஜன்னல் ஓரம் வைத்தார். இரும்பு சிக்னலைத் தின்றுவிடும் என்று வேலையிடத்தில் யாரோ சொன்னார்கள். ஊசியை விட்டு ரீசெட் செய்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் திருட்டுத்தனமாக உறிஞ்சுகிறார்களோ என்று பாஸ்வேர்டை மாற்றினார். அதைக் கொழுந்தியாளிடம் சொல்ல மறந்து, அவளுடைய சீரியல் பாதியில் நின்று, அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டார். மைக்ரோவேவ் அடுப்பு ஓடினால் வைஃபை திணறும் என்று தெரிந்ததும், ஞாயிறு மத்தியானம் கீழ்வீட்டில் அடுப்பைத் தொடக் கூடாது என்று சட்டம் போட்டார்.

"எனக்கெல்லாம் நெட்டு நல்லாத்தான் வருது மாமா" என்றாள் கொழுந்தியாள், ஆறிப்போன சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டே. "நீங்க வாயத் தொறந்தா மட்டும்தான் கட்டாகுது. கோளாறு வயர்லயா, வாய்லயா?"

"வெளையாட்டுப் பேச்சு பேசாத. வெளையாட்டுக்கு வேகம் வேணும், உன் சீரியலுக்கு வேண்டாம்."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவர் அதை வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார். ஆளைக் குற்றம் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லையே.

நெட் கம்பெனி ஆள் வந்தான். கருவியை மாட்டிப் பார்த்து, "லைன் கண்ணாடி மாதிரி இருக்கு சார்" என்றான்.

"அப்புறம் ஏன் கட்டாகுது?"

"அந்த கேம் கம்பெனி பக்கம் எதாவது இருக்கும் சார்."

லிஃப்ட்காரருக்குப் பொறி தட்டியது. ஒவ்வொரு தடவையும் ஆற்றின் அதே இடத்தில்தானே அறுந்துபோகிறது? விளையாட்டிலேயே அந்த இடத்தில் ஏதோ பழுது. சரி, அந்த இடத்தைத் தாண்டும்வரை வாயைத் திறக்க வேண்டாம், தாண்டிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். படகு அகலமான இடத்தைப் பத்திரமாகத் தாண்டியது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த பாறைக்கூட்டத்துக்கு நடுவிலேயே, "அம்மா கடைசில என்ன சொன்னான்னா..." என்று தொடங்கினார். அங்கேயும் அறுந்துபோனது. அப்போதும் அவர் சந்தேகப்பட்டது கேபிளைத்தான்.

வேலையிடத்தில் அந்த வாரம் அவருக்கு ஒரு பழைய கட்டடம் வந்தது. ஏழாவது மாடிக் கதவின் சுவிட்ச் கெட்டு, லிஃப்ட் அங்கே போகும்போதெல்லாம் மொத்தமாக நின்றது. அந்தப் பாகம் இப்போது யாரிடமும் கிடையாது. அவர் ஏழாவது மாடியின் இணைப்பை மட்டும் வெட்டிவிட்டார். லிஃப்ட் மற்ற எல்லா மாடியிலும் நின்றது. ஏழாவதை மட்டும் நிற்காமல் தாண்டிப் போனது.

"ஓடுதா?" என்று மேற்பார்வையாளர் ஃபோனில் கேட்டார்.

"ஓடுது சார்."

"அது போதும்."

படியில் இறங்கும்போது, ஏழாவது மாடிக்காரர் ஒருவர் இரண்டு கையிலும் பையோடு ஏறி வந்தார். எங்கள் மாடியில் எப்போது நிற்கும் என்று கேட்டார். "பார்ட் வரட்டுங்க" என்றார் லிஃப்ட்காரர். வராது என்று இருவருக்குமே தெரியும்.

வந்து வந்து போகிற கோளாறைப் பிடிக்க அவர்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. லைனில் ஒரு சின்ன பல்பைத் தொங்கவிட்டு வேலை பார்ப்பார்கள். மெஷின் நிற்கும்போது பல்பும் அணைந்தால், வருகிற கரண்டில் கோளாறு. பல்பு எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு வேறெங்கோ. இதை இத்தனை நாளாக வீட்டில் ஏன் செய்யவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அதே வைஃபையில் ஃபோனைப் போட்டு, ஏதோ ஊரில் நடந்துகொண்டிருந்த கால்பந்துப் போட்டியின் நேரலையைத் திறந்தார். சத்தத்தை அணைத்து, கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் தம்ளரில் சாய்த்து வைத்தார்.

"என்னப்பா, நெட்டு சரியாச்சா?" என்றாள் மகள். இப்போதெல்லாம் அவள் இதைக் கேட்டுவிட்டுத்தான் உட்காருவாள்.

"பாக்கலாம்மா."

துடுப்புப் போட்டார்கள். "வலது... வலது... அப்பா, பாறை!" அகலமான இடம் வந்தது. படகு மிதந்தது. ஃபோனில் ஒருவன் பந்தை உருட்டிக்கொண்டு ஓடினான். லிஃப்ட்காரர் மூச்சை இழுத்துக்கொண்டார்.

"ஏம்மா, கொஞ்சம் கேளு. அம்மாதான் எங்கிட்ட..."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அவர் ஃபோனைப் பார்த்தார். பந்து வெளியே போயிருந்தது. கோல்கீப்பர் அதை எடுக்க மெதுவாக நடந்து போனான், குனிந்தான், எடுத்தான், திரும்பி நடந்தான். படம் ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. ரூட்டரின் விளக்குகள் பச்சையாக எரிந்தன.

கோல்கீப்பர் பந்தை உதைக்கும்வரை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. ஆற்றில் அது எந்த இடமாக இருந்தாலும் அறுந்தது 'அம்மா' என்ற ஒரே சொல்லில்தான். முதல் தடவை நிஜமாக அடாப்டர் போனது. "நெட் போச்சாப்பா?" என்று கேட்ட பெண்ணுக்கு, அவரே "ஆமாம்மா" என்று வழி சொல்லிக் கொடுத்துவிட்டார். சண்டை போடாமல், அப்பனை ஒரு வார்த்தை திட்டாமல் எழுந்து போக அவளுக்கு ஒரு கதவு கிடைத்தது. அவர் அந்தக் கதவைத்தான் வாரக்கணக்கில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு அடைக்கப் பார்த்திருக்கிறார்.

ஃபோனில் செய்தி வந்தது. "மறுபடியும் நெட்டாப்பா?"

லிஃப்ட்காரர் வாய்விட்டு அழுதார். மனைவி போன அன்றுகூட அவர் அப்படி அழுததில்லை. அழுகை கீழே கேட்டுவிடப் போகிறது என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

என்ன பதில் போடுவது? நெட் நன்றாகத்தான் இருக்கிறது, நீதான் எழுந்து போகிறாய் என்று எழுதலாம். உண்மைதான். எழுதினால் அடுத்த ஞாயிறு அவள் வர மாட்டாள். அவர் நிறைய யோசித்தார், பிறகு எழுதினார்: "ஆமாம்மா. இன்னும் சரியாகல."

அடுத்த வாரம் அவர் எதையும் கழற்றவில்லை, மாட்டவில்லை. ரூட்டரைத் தூக்கி மறுபடியும் இரும்பு அலமாரி மேலேயே வைத்தார். மைக்ரோவேவைப் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கீழே குரல் கொடுத்தார்.

மகள் வந்தாள். "என்னப்பா, சரியாச்சா?"

"எங்க சரியாச்சு! எப்ப போகும்னு தெரியல."

"பரவாயில்ல, போற வரைக்கும் போகலாம்."

அகலமான இடம் வந்தது. படகு மிதந்தது. காதுக்குள் மகளின் மூச்சு கேட்டது. அவள் காத்திருக்கிறாள் என்று இப்போது அவருக்குத் தெரிந்தது. இணைப்பைத் துண்டிக்கும் பட்டன் மேல்தான் அவள் விரல் இருக்கும் என்பதும் தெரிந்தது. சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்து நின்றது. "அவகிட்ட சொல்லிடாதீங்க" என்று மூச்சு வாங்கிய குரலும் கூடவே வந்தது.

"தண்ணிய நல்லா வரஞ்சிருக்காங்கல்ல" என்றார்.

"ஆமாப்பா" என்றாள் மகள். அந்த ஒரு சொல்லில் அவள் எவ்வளவு இளகினாள் என்பதை அவர் கேட்டார். அதுதான் அவரைக் கொன்றது.

பாறைகள் வந்தன, சுழல்கள் வந்தன. வலது, இடது, வலது. முதன்முறையாக ஆறு அகன்று கடல் தெரிந்தது. கலங்கரை விளக்கம் சுற்றிச் சுற்றி வெளிச்சம் போட்டது. படகு மணலில் தட்டி நின்றதும் மகள் சின்னப் பிள்ளையாகக் கத்தினாள். "அப்பா! வந்துட்டோம்ப்பா! இன்னிக்கு கட்டாகவே இல்ல பாத்தீங்களா!"

"ஆமாம்மா" என்றார். "சிக்னல் நல்லா இருந்துச்சு போல."

"அடுத்த வாரம் வரேன்ப்பா. உடம்பப் பாத்துக்கோங்க."

அவள் போனாள். மனைவி வாங்கிய சத்தியத்தைப் பற்றி இனி எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் மகளிடம் சொல்லப்போவதில்லை என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்தது. அவளுக்கு அப்பா திரும்பக் கிடைத்துவிட்டார். அம்மா கடைசியாகச் சொன்னது இனி அவளுக்குக் கிடைக்காது. அவர் போகும்போது அதுவும் அவரோடு போய்விடும். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, சாப்பாட்டுக்கு யாரும் வந்து அழைக்காத அந்த அறையில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்தார்.

கீழே இருந்து கொழுந்தியாளின் குரல் வந்தது. "மாமா! இன்னிக்கு ரொம்ப நேரம் உங்க பேச்சுச் சத்தம் கேட்டுச்சு. என்ன, ஒரு வழியா சரியாயிடுச்சா?"

லிஃப்ட்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"ஓடுது" என்றார்.