ஃபீல்டு புக்கின் முப்பத்தோராம் பக்கம்

பொறியியல் கல்லூரியில் எல்லோரும் அவளை ஏணி என்றுதான் கூப்பிட்டார்கள். வகுப்பிலேயே உயரம் அவள்தான். சர்வே வகுப்பில் நாலு மீட்டர் அளவுகோலைத் தூக்கிப் பிடிக்க ஆள் தேடும்போது ஆசிரியரின் கண் தானாக அவள்மேல் போய் நிற்கும். வெயிலில் அரை மணி நேரம் அசையாமல் நிற்பாள். தூரத்தில் கருவிக்குப் பின்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளவு படிப்பது என் வேலை. முதல் நாள் விடுதிக்குப் பெட்டியில்லாமல் துணிமூட்டையோடு வந்ததால் என் பெயர் மூட்டை.

அவள் அப்பா ஒரு கிடங்கில் காவலாளி. அம்மா தையல் ஆலையில் சட்டைகளுக்குக் காலர் வைப்பவர். பத்தாவதோடு நின்ற அண்ணன் பஸ் டிப்போவில் மெக்கானிக். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். எங்கள் வீட்டில் நான். எந்த நேரமும் நம்மைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் இருவருக்கும் இருந்தது. எனக்கு அது வெறும் பயம். அவளுக்கு அப்படியில்லை. சேர்த்துவிட்ட அன்றே அப்பா சொல்லியிருந்தார்: "ஒரு பேச்சு காதுல விழுந்தாலும் அன்னைக்கே கிளம்பி வந்துடணும்."

இரண்டாம் ஆண்டில் ஒரு சீனியர் அவள் பின்னால் சுற்ற ஆரம்பித்தான். நூலகம், பஸ் நிறுத்தம், லேப் வாசல் என்று எங்கும் நின்றான். புகார் கொடுத்தால் அலுவலகத்திலிருந்து முதல் போன் வீட்டுக்குத்தான் போகும். ஒருநாள் கருவியைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"டேய் மூட்டை, உனக்கு ஆள் யாராச்சும் இருக்கா?"

"எனக்கா? கண்ணாடியே என்னைப் பார்த்தா மூஞ்சியத் திருப்பிக்கும்."

"அப்ப சரி. அவன் படிச்சு முடிச்சுப் போற வரைக்கும் நீதான் என் ஆளு. சும்மா நடிப்புதான். ஆறு மாசம்."

"உங்க வீட்டுக்குத் தெரிஞ்சா?"

"அதுக்கும் வழி வச்சிருக்கேன்."

பையிலிருந்து ஒரு புது ஃபீல்டு புக்கை எடுத்தாள். அளவுகளைக் களத்திலேயே பதியும் நோட்டு அது. பக்கங்களுக்கு எண் உண்டு, கிழித்தால் தெரிந்துவிடும். ரப்பர் தொடக் கூடாது. தப்பாக எழுதியதைப் படிக்கத் தெரியும்படி ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் தேதியோடு சுருக்கொப்பம் போட வேண்டும். ரப்பர் பட்ட நோட்டை எங்கள் ஆசிரியர் ஜன்னல் வழியாக வீசுவார்.

"எப்ப பார்த்தோம், எங்க, எவ்வளவு நேரம், என்ன பேசினோம், எல்லாம் இதுல இருக்கும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். வீட்டுல கேட்டா நடிப்புதான்னு நீட்டிடலாம்."

"காதலுக்கு ரெக்கார்டு நோட்டு போடுற மொத ஆளு நீதான்."

"காதல் இல்ல. அதனாலதான் நோட்டு."

ஏழாம் பக்கம்: கேன்டீன், 1.10 முதல் 1.25 வரை. பார்த்தவர்: சீனியரும் கூட்டாளிகளும். பேச்சு: கான்கிரீட் கலவை. பதினெட்டாம் பக்கம் அவள் கையெழுத்தில் இருக்கும்: பஸ் நிறுத்தம், மழை, குடை ஒன்று, தவிர்க்க முடியவில்லை.

இரண்டே மாதத்தில் சீனியர் ஒதுங்கிவிட்டான். நோட்டு மட்டும் நிற்கவில்லை. "அவன் இன்னும் காலேஜ விட்டுப் போகலையே" என்பாள். நானும் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போதும் தோன்றுகிறது.

முப்பத்தோராம் பக்கம் எழுதிய அன்று நூலகத்தில் அவள் மேசையில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். மின்விசிறிக் காற்றில் பக்கங்கள் புரண்டுவிடாமல் அவள் புத்தகத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பிறகு குறிப்புப் பத்தியில் எழுதினேன்: இன்று நான் நடிக்கவில்லை. எழுதியதைப் பார்த்ததுமே அடித்தேன். கிறுக்கி மறைத்திருக்கலாம். பழகிய கை ஒரே கோடுதான் போட்டது, பக்கத்தில் சுருக்கொப்பமும். மறுநாள் நோட்டு கைமாறியது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. படிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் அண்ணன் வந்தார். கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவர்கள் தெருக்காரர் ஒருவர் செய்தியைக் கொண்டுபோயிருந்தார். பார்வையாளர் அறைக்கு என்னையும் வரச் சொன்னார்கள். இரும்பு நாற்காலிகள், சுவர்க் கடிகாரம், வார்டனின் ஜன்னல். அண்ணனின் நகக்கண்களில் கிரீஸ் போகாமல் இருந்தது.

"யாருப்பா அந்தப் பையன்?"

"நான்தாண்ணா."

"அண்ணனா? அதை அப்புறம் பார்ப்போம்." தங்கையிடம் திரும்பினார். "அப்பாதான் வர்றதா இருந்தாரு. நான் கூட்டிட்டு வரேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். போய்ப் பையைக் கட்டு."

அவள் நோட்டை நீட்டினாள். விஷயத்தைச் சொன்னாள். அண்ணன் முதல் பக்கத்திலிருந்து விரலால் வரி பிடித்துப் படித்தார். பதினெட்டாம் பக்கத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "குடை ஒன்று, தவிர்க்க முடியவில்லை. போலீஸ்காரன்கூட இப்படி எழுத மாட்டான்."

முப்பத்தோராம் பக்கத்தில் விரல் நின்றது. அடித்த வரியைச் சத்தமாகப் படித்தார்.

"இது என்ன?"

"தப்பா எழுதிட்டேண்ணா."

"அப்ப எல்லாம் நடிப்புதானா?"

"நடிப்புதாண்ணா."

ஆறு மாத நடிப்பில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன்.

"அப்புறம் எதுக்குப் படிக்கிற மாதிரி அடிச்சு வச்சிருக்க? கிறுக்கிவிட வேண்டியதுதானே?"

"கிறுக்கக் கூடாதுண்ணே, அதான் முறை" என்றாள் அவள்.

"டிப்போவுல வண்டி ரிப்பேர் எழுதற எங்க ஜாப் கார்டும் அப்படித்தான். பக்கத்துல கையெழுத்து வேணும்." விரல் ஓரத்துக்கு நகர்ந்தது. அங்கே இரண்டு சுருக்கொப்பங்கள் இருந்தன. ஒன்று என்னுடையது. மற்றது மறுநாள் தேதியிட்டு அவள் போட்டது. அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க எனக்குத் துணிவு வந்ததில்லை; நானே அன்றுதான் பார்த்தேன்.

"அன்னைக்கே படிச்சிட்டியா?"

"படிச்சேன்."

"படிச்சும் நோட்டை நிறுத்தலையா?"

அவள் அளவுகோலைப் பிடித்து நிற்பதுபோல நிமிர்ந்து நின்றாள். அண்ணன் நோட்டை மூடித் தன் பைக்குள் வைத்தார்.

"இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி. அதுவரைக்கும் இது என்கிட்ட இருக்கும். இதுல எழுதறதுக்கு இனிமே ஒண்ணும் நடக்கக் கூடாது. அப்பாகிட்ட நாடகம்னு நான் சொல்லிக்கிறேன். பையெல்லாம் கட்ட வேணாம்." வாசலில் நின்று என்னைப் பார்த்தார். "தம்பி, உனக்கும் சேர்த்துதான் சொன்னேன்."

இரண்டு வருடமும் வகுப்பின் இரண்டு கோடியில் உட்கார்ந்திருந்தோம். சர்வேயில் மட்டும் ஒரே குழு. நான் இடக்கையைத் தூக்கினால் அவள் கோலை இடப்பக்கம் சாய்ப்பாள். எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.

அவள் பட்டம் வாங்கினாள். இப்போது ஒரு பாலம் கட்டும் இடத்தில் பொறியாளர். பட்டச் சான்றிதழ் வீட்டுக்கு வந்த வாரம் எனக்கு ஒரு தபால் வந்தது. உள்ளே அந்த ஃபீல்டு புக். கெடு முடிந்ததும் அண்ணன் அவளிடம் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கடைசிப் பதிவுக்கு அடுத்த பக்கத்தில் அவள் கையெழுத்தில் தேதி: வரும் ஞாயிறு. இடம்: பஸ் நிறுத்தம். நேரம்: 10.30. பார்த்தவர் என்ற இடத்தில் அண்ணன் என்று எழுதி, ஒரே கோட்டால் அடித்திருந்தாள். பேச்சு என்ற பத்தி காலியாக இருந்தது.

போனேன். பத்தேமுக்கால் ஆகியும் அவள் வரும் பஸ் வரவில்லை. பதினைந்து நிமிடம் தாமதம் என்று அங்கேயே நோட்டில் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன்.