துரை அவுட்டான மத்தியானம்

என் சின்ன மாமாவுக்குப் பந்து எறிவதற்குத்தான் சம்பளம் என்று சொன்னால், அந்தக் காலத்தில் எங்கள் ஊர் கம்பத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைமார் சாயங்காலம் கிரிக்கெட் ஆடுவார்கள். அவர்களுக்குப் பந்து போட மாமாவை வைத்திருந்தார்கள். சோளக்காட்டில் கிளி விரட்டிப் பழகிய கை, குறி தப்பாது. ஆனால் அங்கே குறி தப்ப வேண்டும் என்பதுதான் சட்டம். பெரிய துரை இருபத்தைந்து ஓட்டம் எடுக்கும்வரை ஸ்டம்புக் குச்சியில் பந்து படக் கூடாது. எடுத்ததும் எல்லாரும் கை தட்டுவார்கள், பிறகு டீ. பன்னிரண்டு வருஷம் மாமா குச்சியைப் பார்த்துக்கொண்டே அதற்கு வெளியே எறிந்தார். தோள்பட்டை விட்டுப்போனதும் பழைய பந்து ஒன்றைக் கையில் கொடுத்துக் கீழே அனுப்பிவிட்டார்கள்.

ஊருக்கு வந்தவர் டூரிங் கொட்டகையில் சேர்ந்தார். மாட்டு வண்டியில் தெருத்தெருவாகப் போய், தகரக் குழாயை வாயில் வைத்து, இன்றைக்கு என்ன படம் என்று கத்த வேண்டும். பக்கத்து ஊர் தேவாரம் வரைக்கும் அவர் குரல் பிரசித்தம். லீவு நாளில் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொள்வார். எட்டு வயதுப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய பதவி வேறென்ன இருக்கிறது?

அந்தத் துரைமார் ஒருநாள் எங்கள் பள்ளிக்கூட வாத்தியார்களோடு ஆட மலையிறங்கி வந்தார்கள். ஊர் சனத்துக்கு ஆட்டம் புரியாது என்று, குழாயில் விளக்கிச் சொல்ல மாமாவைக் கூப்பிட்டார்கள். துரை அடித்தால் மட்டும் சத்தமாகச் சொல், மற்றதை விட்டுவிடு என்று தோட்டத்துக் கிளார்க் அவர் காதோடு சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

பெரிய துரை நாலு பந்துதான் ஆடினார். டிராயிங் வாத்தியார் போட்ட ஐந்தாவது பந்தில் நடுக்குச்சி பிடுங்கிக்கொண்டு போய் விழுந்தது. அம்பயராக நின்ற இன்னொரு கிளார்க் கொஞ்சமும் கூசாமல், அந்தப் பந்து செல்லாது என்று கையை நீட்டிவிட்டார். துரையும் நகரவில்லை. சனமெல்லாம் மாமாவைப் பார்த்தது.

மாமா குழாயைத் தூக்கினார். "தொர அவுட்டு! குச்சி விழுந்துருச்சு. பந்துல ஒரு குத்தமும் இல்ல. தொர அவுட்டு!"

காதோடு சொன்ன கிளார்க் ஓடிவந்தார். "ஏலே, எங்க தொர ஒரு வார்த்த சொன்னாருன்னா கொட்டகைக்கு லைசென்சு இருக்காது, ஒன் பொழப்பும் போயிரும். மாத்திச் சொல்லு!"

"பன்னெண்டு வருசமா மாத்தித்தானய்யா போட்டேன்" என்றார் மாமா, குழாயை வாயிலிருந்து எடுக்காமலே. மைதானம் முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பந்துக்கும் சனம் "அவுட்டு" என்று கத்த, துரை மட்டையை விட்டெறிந்துவிட்டுக் காரேறிப் போனார்.

மறுநாளே கொட்டகை முதலாளி குழாயைப் பிடுங்கிக்கொண்டார். "வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்லடா" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாமா இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார். என் வண்டி போன ஆத்திரம் எனக்கு.

"டிராயிங் வாத்தியாரு அவுட்டாக்குனதுக்கு நீங்க எதுக்கு மாமா மாட்டிக்கிட்டீக?"

"அவுட்டாக்குனது அவரு இல்ல ஆத்தா. நாந்தேன்."

பந்தைத் தொடவே தொடாதவர் இப்படிப் புளுகுகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொருத்தியிடமும் போய், துரையை அவுட்டாக்கியது டிராயிங் வாத்தியார்தான், என் மாமா இல்லவே இல்லை என்று தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.