கலர்க்காரருக்குத் தெரிந்த வலி

பெயிண்ட் கடையில் அவரைக் கலர்க்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சுவரிலிருந்து பெயர்ந்த துண்டை யாராவது கொண்டுவந்தால், வாசலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் ஒருமுறை புரட்டிப் பார்ப்பார். பிறகு டப்பாவில் சொட்டுச் சொட்டாகச் சாயம் விட்டுக் கலக்கித் தருவார். அடித்துக் காய்ந்தபின் ஒட்டுப்போட்ட இடத்தை வீட்டுக்காரராலேயே கண்டுபிடிக்க முடியாது. நமக்கெல்லாம் வெள்ளை என்றால் வெள்ளை. அவருக்கோ பால்வெள்ளை, உப்புவெள்ளை, முட்டையோட்டு வெள்ளை என்று ஒரு கூட்டமே உண்டு. பேர் வைத்துவிட்டால் கண் தானாகப் பிரித்துக்கொள்ளும் என்பார். பெருமை கொஞ்சம் அதிகம்தான்.

மனைவி அதை மதித்ததே இல்லை.

"வெள்ளைன்னா வெள்ளைதான். அதுல என்னங்க பத்து வகை?" என்பாள், தையல் மெஷினிலிருந்து தலைதூக்காமல்.

அவளுடைய வகைகள் வேறு. முழங்காலில் கடுப்பு, தோளில் இழுப்பு, கண்ணில் உறுத்தல் என்று தினம் ஒன்று சொல்வாள். ஒரு மாதமாக விலாவில் குடைச்சல் என்றாள். தலைவலிகூட வந்தறியாத உடம்பு அவருடையது. அவள் எதைச் சொன்னாலும் அவருக்கு வலி, அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரையை எடுத்து நீட்டுவார்.

நேற்று தைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள். வாயில் குழாய், பேச முடியாது, கையை அழுத்த மட்டும் முடியும். டாக்டருக்கு நம் மொழி அரைகுறையாகத்தான் தெரியும். எந்த மாதிரி வலி என்று தெரிந்தால் எதை முதலில் பார்ப்பது என்று முடிவு செய்யலாம், கேட்டுச் சொல்லுங்கள் என்றார். கலர்க்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"வலிக்குதாம்மா?"

அழுத்தினாள்.

"குத்துதா?"

கை அசையவில்லை. எரியுதா என்று கேட்டார். அதற்கும் இல்லை.

அவள் சமையலறை வாசலில் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. அவளுக்குப் பின்னால் இருந்த சுவரின் நிறம்கூட ஞாபகம் வந்தது. சொன்ன சொல் மட்டும் வரவில்லை.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த சொல்லுக்காகத்தான் காத்திருக்கிறாள் என்று அவருக்கும் புரிந்தது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பாவம், மனுஷன் என்னதான் செய்வார்?

"ரொம்ப வலிக்குதா?" என்றார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, போகட்டும் என்பதுபோல, கையை அழுத்தினாள்.